சத்தம் போடாத வீடு

(முன்னாள் மாணவர் கூடுகை விழாவின் இரண்டாம் நாள், இயந்திரவியல் துறை அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குப் போன் செய்து, "இத்தனை வருஷம் அமெரிக்காவுல இருந்திருக்கீங்க, பசங்களுக்கு ஏதாவது உயர்ந்த விஷயமாப் பேசுங்க" என்று கேட்டுக்கொண்டார். நான் என்ன செய்வேன்! அங்கே நான் வேலை பார்த்தது எல்லாம் உயரத்தில் இல்லை, வீட்டுக்கு அடியில், பேஸ்மென்ட் என்கிற நிலவறையில். ஆகவே பாதாளத்து விஷயம்தான் பேசப் போகிறேன். வீட்டைச் சூடாக்கும் நீராவி பாய்லருக்குக் குழாய் மாட்டுவது எப்படி என்பதுதான் தலைப்பு. அதைத் தப்பாக மாட்டி நான் பட்ட பாட்டையும் மறைக்காமல் சொல்கிறேன்.

சென்னை வெயிலில் உட்கார்ந்துகொண்டு வீட்டைச் சூடாக்குவது பற்றிக் கேட்பது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் நியூ ஜெர்சியில், நியூயார்க்கில், பாஸ்டனில் ஜனவரி மாதம் எப்படி இருக்கும் என்று அங்கே போன நம் நண்பர்களைக் கேளுங்கள். வெளியே உறைநிலைக்குக் கீழே. வீட்டுக்குள் சூடு நின்றுவிட்டால் முதலில் மனுஷன் விறைப்பான், பிறகு தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும். 1920-க்கு முன்னும் பின்னும் கட்டிய ஏராளமான வீடுகளில் இன்றைக்கும் நீராவிதான் சூடு தருகிறது. நிலவறையில் ஒரு வார்ப்பிரும்பு பாய்லர். அதிலிருந்து மேலே குழாய்கள். ஒவ்வொரு அறையிலும் ஜன்னலுக்குக் கீழே கனத்த இரும்பு ரேடியேட்டர். பம்ப் கிடையாது, மோட்டார் கிடையாது. நீராவி தானாக மேலே போகும், சூட்டைக் கொடுத்துத் தண்ணீராகும், தானாகவே கீழே இறங்கி வரும். பல வீடுகளில் போவதும் வருவதும் ஒரே குழாயில். மேலே நீராவி, அடியில் தண்ணீர். சாய்மானம் கொஞ்சம் பிசகினால் இரண்டும் மோதிக்கொள்ளும்.

படிக்காத புத்தகம்

நான் இங்கே பி.இ. முடித்து, சில வருஷம் இங்கேயே வேலை பார்த்து, பிறகு அமெரிக்கா போனவன். போன இடத்தில் ஒரு வருஷத்துக்குள் வேலை போயிற்று. வீட்டில் கைக்குழந்தை. கிடைத்தது, பாய்லர் மாட்டிக் கொடுக்கும் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். முதலாளி என் சான்றிதழைப் பார்த்து, "எஞ்சினீயரா? அப்ப இனிமே குழாய் எப்படிப் போகணும்னு நீயே வரைஞ்சு கொடு" என்று சொல்லிவிட்டார். எனக்கு ஒரே பெருமை. தெர்மோடைனமிக்ஸில் நல்ல மார்க். ஸ்டீம் டேபிள்ஸ் பாதி மனப்பாடம். வீட்டு பாய்லர் என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன்.

1995 அக்டோபரில் ஒரு வயதான தம்பதியின் வீட்டுக்குப் புது பாய்லர் மாட்டினோம். அந்த அம்மாவுக்கு எழுபதுக்கு மேல். அவர் கணவர் மாடி அறையில் படுத்த படுக்கை. பழைய பாய்லர் யானை மாதிரி இருந்தது. புதியது அதில் மூன்றில் ஒரு பங்குதான். நான் குழாயை மிச்சம் பிடித்தேன். இரும்புக் குழாயை வெட்டி மரை போட நேரமாகும் என்று தாமிரக் குழாயைப் பற்றவைத்தேன். பாய்லரின் இரண்டு வாயிலிருந்தும் இரண்டு ரைசர் எழுப்பி, தண்ணீர் மட்டத்துக்கு ஓரடி உயரத்திலேயே ஒரு ஹெடரில் சேர்த்தேன். அந்த ஹெடரின் நட்ட நடுவிலிருந்து, இரண்டு ரைசருக்கும் இடையில், வீட்டுக்குப் போகும் குழாயை எடுத்தேன். பார்க்க ரொம்ப அழகாக, இரண்டு பக்கமும் சமமாக, கோயில் கோபுரம் மாதிரி இருந்தது. போட்டோகூட எடுத்துக்கொண்டேன்.

நவம்பரில் போன் வந்தது. "குழாயை யாரோ சம்மட்டியால அடிக்கிற மாதிரி சத்தம் வருது. ரேடியேட்டர்ல இருக்கிற காத்து வால்வு தண்ணி துப்புது. மாடி அறை சூடே ஆகலை." முதலாளியிடம் சொன்னேன். "அழுத்தத்தை ஏத்து. காத்து வால்வை மாத்து. பழைய வீட்டுக் குழாய், அப்படித்தான் இருக்கும்னு சொல்லு" என்றார். அப்படியே செய்தேன், அப்படியே சொன்னேன். அந்த அம்மா என்னைப் பார்த்து, "இந்த வீட்டுல நாப்பது வருஷமா இருக்கோம். இதுவரைக்கும் சத்தமே வந்ததில்லையே?" என்று கேட்டார். பிறகு அவரே, "சரி, நீங்க எஞ்சினீயர், உங்களுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டார். தம்பிகளே, அந்த ஒரு வாக்கியம் இன்றுவரை என் காதில் இருக்கிறது.

1996 ஜனவரி முதல் வாரத்தில் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பெரும் பனிப்புயல் அடித்தது. நியூ ஜெர்சியில் பல இடங்களில் இரண்டடிக்கு மேல் பனி. சாலை திறந்த அன்று இரவு அந்த வீட்டிலிருந்து அழைப்பு. போனேன். பாய்லர் நின்றிருந்தது. தண்ணீர் குறைந்தால் அடுப்பை அணைக்கும் கருவி, லோ வாட்டர் கட் ஆஃப், திரும்பத் திரும்ப அணைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அதைவிட மோசம் சமையலறை. அந்த அம்மா கணவரை எப்படியோ கீழே இறக்கிக் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்து, காஸ் அவனின் கதவைத் திறந்து, எரியவிட்டு, ஜன்னல் எல்லாம் இறுக மூடி, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருக்கும் தலைவலி. கார்பன் மோனாக்ஸைடு என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓடிப் போய் அவனை அணைத்து, ஜன்னலைத் திறந்து, அவர்களைப் பக்கத்து வீட்டில் சேர்த்தேன். அன்று ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருக்கலாம். நடந்திருந்தால் அதற்குக் காரணம் பழைய வீட்டுக் குழாய் அல்ல, நான்.

அடுத்த நாள், எங்கள் பகுதியில் ஓய்வு பெற்ற ஒரு ஐரிஷ் வம்சத்துக் குழாய்க்காரரைக் கெஞ்சி அழைத்துப் போனேன். நீராவி வேலையில் நாற்பது வருஷம். காலேஜ் வாசலை மிதித்தவர் அல்ல. நிலவறைப் படியில் நின்றபடியே பார்த்தார், இறங்கக்கூட இல்லை. என் கோபுரத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. பாய்லரின் பக்கவாட்டில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் காட்டி, "அதைப் படிச்சியா?" என்று கேட்டார். பாய்லர் கம்பெனி கொடுத்த கையேடு. பை பிரிக்கப்படவே இல்லை. உள்ளே, குழாய் எப்படி மாட்ட வேண்டும் என்று அளவோடு முழுப்பக்கப் படம் இருந்தது. பி.இ. படித்த நான் படிக்காத புத்தகம் அதுதான்.

இட்லிப் பானையும் பாய்லரும்

இனி பாடம். நம் ஹாஸ்டல் மெஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். இட்லிப் பானையில் தண்ணீர் அதிகமாக ஊற்றினால் என்ன ஆகும்? கொதிக்கும் தண்ணீர் தெறித்து அடித்தட்டு இட்லி சொதசொதவென்று ஆகிவிடும். மேல்தட்டு இட்லி பஞ்சு மாதிரி இருக்கும். அடித்தட்டுக்குக் கிடைத்தது ஈரமான நீராவி, மேல்தட்டுக்குக் கிடைத்தது உலர்ந்த நீராவி. பாய்லர் குழாய் விஷயம் முழுவதும் இந்த ஒன்றில் அடங்கியிருக்கிறது. தண்ணீரைப் பாய்லரிலேயே நிறுத்து, நீராவியை மட்டும் மேலே அனுப்பு.

ஏன் தெரியுமா? ஒரு பவுண்டு நீராவி குளிர்ந்து தண்ணீரானால் கிட்டத்தட்ட 970 பி.டி.யூ. வெப்பம் தரும். கிராம் கணக்கில் 540 கலோரி என்று பள்ளியிலேயே படித்தோம். அதே ஒரு பவுண்டு கொதிநீர் 30 டிகிரி ஃபாரன்ஹீட் குளிர்ந்தால் தருவது வெறும் 30 பி.டி.யூ. நீராவியோடு சேர்ந்து போகும் தண்ணீர் ஒரு ஓசிப் பயணி. சூடும் தராது, இடத்தையும் அடைக்கும். அதோடு நின்றால் பரவாயில்லை. குழாயில் தேங்கிய தண்ணீரை வேகமாக வரும் நீராவி ஒரு கட்டியாகத் தள்ளிக்கொண்டு போய் வளைவில் மோதும். வாட்டர் ஹாமர் என்று புத்தகத்தில் படித்தது இதுதான். அந்த அம்மா கேட்ட சம்மட்டிச் சத்தம் இதுதான்.

பழைய யானை பாய்லருக்குள் தண்ணீருக்கு மேலே பெரிய வெற்றிடம் இருந்தது. நீராவி அங்கேயே நிதானமாகத் தண்ணீரை உதறிவிட்டுக் கிளம்பும். புது பாய்லர் சின்னது. உள்ளே இடம் கிடையாது. தண்ணீர் நீராவியானால் கன அளவு சுமார் 1,700 மடங்கு பெருகும். அவ்வளவும் இரண்டு சின்ன வாய் வழியாகச் சீறிக்கொண்டு வரவேண்டும். தண்ணீரையும் இழுத்துக்கொண்டுதான் வரும். ஆகவே தண்ணீரைப் பிரிக்கும் வேலையை பாய்லருக்கு வெளியே, பக்கத்துக் குழாய்கள்தான் செய்ய வேண்டும். வெளியே தெரியும் அந்தக் குழாயும் பாய்லரின் ஒரு உறுப்புதான். அதைப் புரிந்துகொள்ளாமல் குழாயை மிச்சம் பிடிப்பவன் பாய்லரில் பாதியை மாட்டாமல் விட்டவன்.

சரியான முறை

அந்தப் பெரியவர் சொல்லச் சொல்ல நாங்கள் எப்படித் திருத்திக் கட்டினோம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, ரைசர். பாய்லருக்கு இரண்டு வாய் இருந்தால் இரண்டையும் பயன்படுத்து. ஒன்றை அடைத்துவிட்டு ஒன்றில் மட்டும் எடுத்தால் வேகம் இரட்டிப்பாகும். வேகம் கூடினால் தண்ணீர் கூடவே வரும். உயரம் முக்கியம். தண்ணீர் மட்டத்திலிருந்து ஹெடர் குறைந்தது 24 அங்குலம் மேலே இருக்க வேண்டும். ஏறும்போதே கொஞ்சம் தண்ணீர் களைத்துத் திரும்பிவிடும். நான் வைத்தது 12 அங்குலம்.

இரண்டாவது, ஹெடர். ரைசரைவிடப் பருமனாக இருக்க வேண்டும். நாங்கள் 2 அங்குல ரைசர் இரண்டுக்கு 3 அங்குல ஹெடர் போட்டோம். பருமன் கூடினால் நீராவி வேகம் தணியும், தண்ணீர் அடியில் படியும். ஒடுங்கிய தெருவில் ஓடி வந்த கூட்டம் மைதானத்துக்கு வந்ததும் நிதானப்படுவதைப் போல. அந்த ஹெடர் ஈக்குவலைசர் இருக்கும் பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, இதுதான் உயிர்நாடி. வீட்டுக்குப் போகும் குழாயை எங்கே எடுப்பது? கடைசி ரைசருக்கும் ஈக்குவலைசருக்கும் நடுவில். ஒருபோதும் இரண்டு ரைசருக்கு நடுவில் எடுக்காதே. காரணம் எளிது. இரண்டு ரைசரிலிருந்து வருவதும் ஒரே திசையில் ஓடினால், கனமான தண்ணீர் நேராக ஓடி ஈக்குவலைசரில் விழும். லேசான நீராவி திரும்பி மேலே ஏறும். நான் செய்தது போல் நடுவில் எடுத்தால் இரண்டு ஓட்டமும் எதிரெதிரே வந்து மோதி, தண்ணீர் முழுவதையும் மேலே வாரி இறைக்கும். நான் கட்டிய அழகான கோபுரம் உண்மையில் தண்ணீரை மாடிக்கு ஏற்றும் பம்ப்!

நான்காவது, ஈக்குவலைசர். ஹெடரின் கடைசியிலிருந்து கீழே இறங்கி பாய்லரின் அடி வாயில் சேரும் குழாய். எங்கள் அளவுக்கு ஒன்றரை அங்குலம். ஹெடரில் பிரிந்த தண்ணீரை பாய்லருக்கே திருப்பிக் கொடுப்பது ஒரு வேலை. நீராவியின் அழுத்தத்தை மேலும் கீழும் சமப்படுத்தி, பாய்லர்த் தண்ணீர் திரும்புகுழாய்க்குள் தள்ளப்படாமல் பார்த்துக்கொள்வது இன்னொரு வேலை.

ஐந்தாவது, தாமிரம் வேண்டாம். ஹெடருக்கு மரை போட்ட இரும்புக் குழாய்தான். ஒரே சூட்டுக்குத் தாமிரம் இரும்பைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு நீளும். நீளும்போது பற்றவைப்புக்கும் பாய்லரின் வார்ப்பிரும்புக்கும் நோவு. இரும்பிலும் ரைசர் மேலே போய் ஒரு எல்போ, கொஞ்சம் படுக்கை, மறுபடி எல்போ என்று வளைந்துதான் ஹெடரில் சேர வேண்டும். சூட்டில் ஹெடர் நீளும்போது மரை கொஞ்சம் திரும்பி இடம் கொடுக்கும். நேராக இறுக்கிப் பூட்டிவிட்டால் பாய்லரின் பாகங்களையே பிளந்துவிடும். குழாயை வெட்டியதும் உள் விளிம்பில் நிற்கும் பிசிரை ரீமர் போட்டுக் கழிக்க மறக்காதீர்கள். நம் ஃபிட்டிங் ஷாப்பில் இன்ஸ்ட்ரக்டர் ஒருவர் இதற்காகவே ரெக்கார்டில் கையெழுத்துப் போட மாட்டார். அன்று அவரைத் திட்டினோம். இன்று கும்பிடுகிறேன்.

ஆறாவது, ஹார்ட்ஃபோர்ட் லூப். இதற்கு ஒரு சரித்திரம் உண்டு.

வெடித்த பாய்லர்கள் தந்த பாடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாய்லர் வெடிப்பது அமெரிக்காவில் சாதாரண நிகழ்ச்சி. 1865 ஏப்ரலில் மிசிசிப்பி ஆற்றில் சுல்தானா என்ற நீராவிப் படகு பாய்லர் வெடித்து மூழ்கியதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மறு வருஷம், 1866-இல், கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்ட் நகரில் பாய்லர்களைச் சோதித்து இன்ஷூரன்ஸ் செய்வதற்கென்றே ஒரு நிறுவனம் தோன்றியது. 1905 மார்ச்சில் மாசசூசெட்ஸ் மாநிலத்து பிராக்டனில் ஒரு காலணித் தொழிற்சாலை பாய்லர் வெடித்து 58 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அந்த மாநிலம் பாய்லர் விதிகளைக் கொண்டுவந்தது. அமெரிக்க இயந்திரவியல் பொறியாளர் சங்கத்தின் பாய்லர் விதித் தொகுப்பு 1914-இல் வந்தது. நாம் படித்த இந்தியக் கொதிகலன் சட்டம் 1923-ஐச் சேர்ந்தது. 2025-இல் அதன் இடத்தில் புதுச் சட்டம் வந்துவிட்டது. சட்டத்தின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு பிணம் கிடக்கிறது என்று எங்கள் பேராசிரியர் ஒருவர் சொல்வார்.

வீட்டு பாய்லரில் வெடிப்பைவிட அடிக்கடி நேரும் ஆபத்து தண்ணீர் வற்றுவது. திரும்பிவரும் குழாய் தரையோரம் தண்ணீர் நிறைந்தே கிடக்கும். அது துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் பாய்லர்த் தண்ணீர் முழுவதும் அந்த வழியாக வடிந்துவிடும். அந்தக் காலத்தில் எரிந்தது நிலக்கரி. பட்டனைத் தட்டி அணைக்க முடியுமா? வறண்ட இரும்பு காய்ந்து பிளக்கும். அதற்கு வழி சொன்னது அதே ஹார்ட்ஃபோர்ட் நிறுவனம், 1919-இல். திரும்பிவரும் குழாயை நேராக பாய்லரின் அடியில் சேர்க்காதே. மேலே தூக்கிக் கொண்டுவந்து, தண்ணீர் மட்டத்துக்குச் சுமார் 2 அங்குலம் கீழே ஈக்குவலைசரில் சேர். இப்போது திரும்புகுழாய் உடைந்தாலும் தண்ணீர் அந்த இணைப்பு மட்டம் வரைதான் இறங்கும். அதற்குக் கீழே போனால் நீராவி புகுந்து உறிஞ்சல் அறுந்துவிடும். பாய்லரில் பாதுகாப்பாகத் தண்ணீர் நிற்கும். ஓடும் பாகம் எதுவும் இல்லை, கெட்டுப்போக ஒன்றுமில்லை. ஒரு குழாயின் வளைவு மட்டும்தான். இதைவிட நல்ல எஞ்சினீயரிங் எனக்குத் தெரியாது.

ஒரே ஒரு எச்சரிக்கை. அந்த இணைப்பில் போடும் நிப்பிள் மிகக் குட்டையாக இருக்க வேண்டும். நான் 6 அங்குல நிப்பிள் போட்டு, அதையும் தண்ணீர் மட்டத்திலேயே வைத்திருந்தேன். தண்ணீர் கொஞ்சம் இறங்கினாலும் நீராவி அந்தப் படுக்கைக் குழாயில் புகுந்து குளிர்ந்த தண்ணீரோடு மோதும். சம்மட்டிச் சத்தத்தில் பாதி அங்கிருந்துதான் வந்தது.

அளவும் சுத்தமும்

இன்னும் சில விஷயங்களை விரைவாகச் சொல்லி விடுகிறேன். பாய்லர் அளவைப் பழைய பாய்லரின் பெயர்ப்பலகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வீட்டில் உள்ள ஒவ்வொரு ரேடியேட்டரையும் அளக்க வேண்டும். ஒரு சதுர அடி ரேடியேட்டர்க் கணக்குக்கு மணிக்கு 240 பி.டி.யூ. மொத்தம் 400 சதுர அடி என்றால் 96,000. குழாய்கள் சூடேறவும் சேர்த்து 1.33-ஆல் பெருக்கினால் சுமார் 1,28,000. கம்பெனிப் பட்டியலில் நிகர அளவு என்று போட்டிருந்தால் இந்தப் பெருக்கல் அதில் ஏற்கெனவே அடங்கியிருக்கும், மறுபடி பெருக்கிவிடாதீர்கள்.

அழுத்தம். முதலாளி ஏற்றச் சொன்னார், நானும் ஏற்றினேன். அது தப்பு. வீட்டுக்குச் சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டுக்குள் போதும். அரை பவுண்டில் எரியத் தொடங்கி ஒன்றரை பவுண்டில் அணையும்படி வைத்தோம். நீராவி தாமதமாக வந்தால் காரணம் அழுத்தக் குறைவு அல்ல, குழாயில் இருக்கும் காற்று வெளியேறவில்லை என்பதுதான். பெரிய குழாய்களின் கடைசியில் நல்ல காற்று வால்வு போட்டால் நீராவி தானே ஓடி வரும்.

ஒரு பவுண்டு அழுத்தம் தண்ணீரைச் சுமார் 28 அங்குலம் தூக்கும். அதனால்தான் பெரிய குழாயின் கடைசிப் பள்ளத்துக்கும் பாய்லர்த் தண்ணீர் மட்டத்துக்கும் நடுவில், ஒற்றைக் குழாய் வீடுகளில், குறைந்தது 28 அங்குலம் இடைவெளி வைப்பது வழக்கம். வழியில் குறைந்துபோன அழுத்தத்தை ஈடுகட்டி உள்ளே நுழையத் தண்ணீருக்கு அந்த உயரம் வேண்டும். புது பாய்லரை மேடை போட்டு உயர்த்தி வைத்தால் இந்த இடைவெளி குறைந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது.

கடைசியாக எண்ணெய். புது பாய்லரிலும் மரை போட்ட குழாயிலும் எண்ணெய் ஒட்டியிருக்கும். வீட்டில் பருப்பு பொங்காமல் இருக்க ஒரு சொட்டு எண்ணெய் விடுவார்கள். பாய்லரில் நேர்மாறு. எண்ணெய் படலம் தண்ணீரைப் பொங்கிக் குதிக்க வைக்கும். அது அடியில் வடித்தால் போகாது, ஏனென்றால் எண்ணெய் மேலே மிதக்கிறது. தண்ணீர் மட்டத்தில் இருக்கும் பக்க வாய் வழியாக, மெதுவாக, மணிக்கணக்கில் வழியவிட வேண்டும். பால் மேலிருந்து ஏடு எடுப்பது போல. அதற்கும் நான் அவசரப்பட்டிருந்தேன்.

நாணயம் நின்றது

முதலாளி திருத்த வேலைக்குக் காசு தர மறுத்துவிட்டார். "தப்புன்னு ஒத்துக்கிட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க" என்றார். அந்த அம்மாவிடம் போய், "பழைய குழாய் மேல தப்பு இல்லைங்க. நான்தான் தப்பா மாட்டினேன்" என்று சொன்னேன். சொல்வதற்கு முன் வாசலில் பத்து நிமிஷம் நின்றேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "எப்ப சரி பண்ணுவீங்க?" என்று மட்டும்தான் கேட்டார். இரண்டு வாரச் சம்பளத்துக்கு இரும்புக் குழாய் வாங்கினேன். லைசென்ஸ் வைத்திருந்த அந்தப் பெரியவர் தன் மரை போடும் டையைக் கொண்டுவந்து, கூலி வாங்காமல் இரண்டு நாள் கூடவே நின்றார். வேலை முடிந்து பாய்லர் ஓடும்போது, ஹெடர் மேல் ஒரு நாணயத்தை விளிம்பில் நிறுத்தினார். நின்றது. கேஜ் கிளாஸில் தண்ணீர் அசையவில்லை.

மறுநாள் காலை அந்த அம்மா போன் செய்தார். "பாய்லர் ஓடுதா, நின்னுபோச்சா? சத்தமே காணோம். ஆனா வீடு கதகதன்னு இருக்கு." என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த சான்றிதழ்களில் அதுதான் பெரியது. அடுத்த மாதம் அந்த நிறுவனத்தில் எனக்கு வேலை இல்லை. அது நல்லதற்குத்தான் என்று பின்னால் தெரிந்தது. அந்தப் பெரியவரிடமே மூன்று வருஷம் எடுபிடியாக இருந்து தொழில் கற்றேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே புது வீடுகளில் வெந்நீரும் சூடான காற்றும் வந்துவிட்டன. நீராவி தெரிந்த தலைமுறை ஓய்வு பெற்றது, மறைந்தது. வீடுகள் மட்டும் நின்றன. டான் ஹோலஹன் என்பவர் அந்தப் பழைய அறிவைத் தேடித் திரட்டி 1992-இல் ஒரு புத்தகமே எழுதினார். அதன் பெயரிலேயே நீராவிச் சூட்டை 'தொலைந்துபோன கலை' என்றுதான் குறிப்பிட்டார். இனி அங்கேயும் மின்சார ஹீட் பம்ப் பக்கம் காலம் திரும்பிக்கொண்டிருக்கிறது. அது வரட்டும், நல்லதுதான். ஆனால் பழையது இருக்கும்வரை அதைச் சரியாகப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

அங்கே பழைய வீடு வாங்கியிருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நிலவறைக்கு இறங்கிப் பாருங்கள். ஹெடர் தாமிரமா, வீட்டுக்குப் போகும் குழாய் இரண்டு ரைசருக்கு நடுவில் கிளம்புகிறதா, கேஜ் கிளாஸில் தண்ணீர் குதிக்கிறதா என்று கவனியுங்கள். குழாய் தட்டினால் 'பழைய வீடு' என்று சமாதானம் ஆகாதீர்கள். எந்தக் குளிரிலும் காஸ் அவனைத் திறந்து குளிர் காயாதீர்கள். கார்பன் மோனாக்ஸைடு அலாரம் ஒன்றை உடனே மாட்டுங்கள்.

தம்பி தங்கைகளே, உங்களில் பலர் கம்ப்யூட்டர் பக்கம் போவீர்கள். சிலர் திருப்பூர் சாயப்பட்டறைகளில், அரிசி ஆலைகளில் பாய்லர் பக்கம் நிற்பீர்கள். எங்கே போனாலும் இந்த மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். பிளாஸ்டிக் பையைப் பிரித்துக் கையேட்டைப் படியுங்கள். கையில் அழுக்குப் பட்டவரிடம் கேளுங்கள், டிகிரி இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். தப்பு உங்களுடையது என்றால், அதை அந்த வீட்டு வாசலில் நின்று சொல்லுங்கள். "நீங்க எஞ்சினீயர், உங்களுக்குத் தெரியும்" என்று யாரோ ஒரு அம்மா உங்களையும் ஒருநாள் நம்பப் போகிறார்.